சிலம்பாயிக்குப் போன பத்தியம்

ஹல்துமுல்லைக்கு மேலே, பெரகலைச் சந்தியிலிருந்து ஏறி வரும் பாதையில், பனி விலகினால் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தில் பெரியாயி என்று ஒருத்தி இருந்தாள். ரயில் பண்டாரவளை வரைக்கும் வந்து, பதுளைக்குப் போக மனசில்லாமல் நின்றுவிட்ட காலம் அது. பெரியாயிக்கு நாற்பது வயது இருக்கும். ஒரு மழை நாளில் கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்ததில் இடுப்பு ஒடிந்து, கோணலாகவே கூடிவிட்டது. மலை ஏற முடியாதவளுக்குத் தோட்டத்துக் கணக்கில் பேர் கிடையாது. பேர் இல்லாதவளுக்கு லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பராகூடக் கிடையாது. புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளையும் இல்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கு என்று கங்காணி சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லவில்லை. இரக்கத்தால் சொல்லவில்லை என்று யாராவது நினைத்தால், அவர்கள் கங்காணிமாரைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். பெரியாயி ஆக்கிப் போட்ட பத்தியச் சோறுதான் அவளை அந்தக் காம்பராவில் இருக்க வைத்தது.

பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் வாய்க்குப் பூட்டு. புளி ஆகாது, கிழங்கு ஆகாது, பழையது ஆகவே ஆகாது. மிளகும் பூண்டும் தட்டிப் போட்ட குழம்பு, சுட்ட பால்சுறாக் கருவாடு, குழைய வடித்த சுடுசோறு, அவ்வளவுதான். ஊரில் என்றால் அவளைப் பெற்றவள் ஆக்கிப் போடுவாள். மாமியார் முணுமுணுத்துக்கொண்டாவது போடுவாள். இங்கே பெற்றவள் திருச்சிப் பக்கம், மாமியார் மதுரைப் பக்கம், நடுவில் கடல். புருஷன்காரனோ தப்புச் சத்தம் கேட்டதும் இருட்டோடு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஓடுகிறவன். அவனுக்கு நினைவிருந்தால் கஞ்சி, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. பத்தியம் தவறி ஜன்னி கண்டு போன பெண்கள் அந்த மலையில் எத்தனையோ பேர்.

பெரியாயி இதற்கு ஒரு வழி கண்டாள். முழுகாமல் இருக்கிறவள் ஐந்தாம் மாதத்திலிருந்து, தோட்டத்தில் அரிசி போடுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு கொத்து அளவு அரிசியை அவளிடம் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொருத்திக்கும் தனிக் கலயம். கொடுத்தவளின் பழஞ்சேலைக் கிழிசலாலேயே அதன் வாயைக் கட்டி மூலையில் வைப்பாள். அவளவள் தூக்குச்சட்டியையும் அப்போதே வாங்கிச் சுவரில் கவிழ்த்து மாட்டிவிடுவாள். பிள்ளை பிறந்த அன்றிலிருந்து ஒரு மாதம், அந்த அரிசிச் சோறு அந்தச் சட்டியில் வாசலுக்கு வந்துவிடும். பெரியாயியின் கூலியும் அந்த அரிசியில்தான். அதில் கொஞ்சத்தைப் பெரகலையில் கடை வைத்திருந்த புஹாரி வாங்கிக்கொண்டு பூண்டும் மிளகும் கருவாடும் கொடுப்பார். பிள்ளை பெற்றவர்கள் செத்துப்போகாமல் திரும்பவும் கூடை தூக்க வந்தார்கள். கங்காணிக்கு அது போதும்.

அவள் சோறு கொண்டுபோகிற விதமே தனி. சட்டியைத் துணியால் மூடி, மேலே ஒரு கரித்துண்டு வைப்பாள். சாய்ந்து சாய்ந்து நடந்து வாசலுக்குப் போய், "பத்தியம் வந்திருக்கு ஆத்தா" என்று குரல் கொடுத்துச் சட்டியை வைப்பாள். வைத்தவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். பிள்ளை பெற்றவள் சாப்பிடுவதைப் பார்த்தால் கண் பட்டுப் பால் வற்றிவிடும். இன்னொரு பிடிவாதமும் அவளுக்கு உண்டு. ஒருத்தி அரிசியை இன்னொருத்திக்குப் போடமாட்டாள். கேட்டால், "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற" என்பாள்.

சிலம்பாயி, மாடசாமியின் பெண்சாதி. வாயாடி. அவள் சிரித்தால் மூன்று காம்பரா தள்ளிக் கேட்கும். மற்றவர்கள் கொத்தை மட்டமாக அளந்து கொண்டுவருவார்கள். இவள் கூம்பாக அளந்து கொண்டுவருவாள். கலயத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

"கருவாடு ரெண்டு துண்டா வைக்கணும் அக்கா. உள்ள ரெண்டு பேரு இருக்கோம்ல."

"மொதல்ல பெத்து எந்திரிடி. அப்புறம் சுறாவையே முழுசா வைக்கிறேன்."

அவள் பெற்று எழுந்திருக்கவில்லை. ஒன்பதாம் மாதத்தில், அடை மழையில், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து எடுத்தவள் மேல் மலையில் கால் தவறி உருண்டாள். கம்பளியில் போட்டுத் தூக்கி வந்தார்கள். லயத்து வாசலுக்கு வருமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது. ஊரில் என்றால் வயிற்றுப் பிள்ளையைத் தனியே எடுத்து அடக்கம் செய்வார்கள், அவள் நினைப்பாகச் சுமைதாங்கிக் கல்லும் நடுவார்கள். இங்கே மழை கொட்டுகிறது, விடிந்தால் பெரட்டு. ஓடைக்கு அந்தப் பக்கம் சவுக்கு மரத்தடியில் குழி வெட்டி, வயிற்றுச் சுமையோடேயே அவளை இறக்கி மண்ணைத் தள்ளினார்கள். மாடசாமி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சன் என்றது லயம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

காரியம் எல்லாம் முடிந்த பிறகு பெரியாயி அவனிடம் போய், அரிசியைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றாள்.

"வேணாங்க்கா. அந்தச் சோறு எனக்கு எறங்காது. நீங்களே என்னமாச்சும் செய்ங்க" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். அதன்பிறகு ஓடைப் பக்கமே அவன் நடப்பதில்லை. வேலைக்குப் போகச் சுற்றுப் பாதையில் ஏறினான்.

கலயம் மூலையிலேயே இருந்தது. சிலம்பாயியின் தூக்குச்சட்டியும் சுவரில் கவிழ்ந்தே இருந்தது. அதை எடுத்து யாருக்காவது கொடுத்துவிடப் பெரியாயிக்குக் கை வரவில்லை.

அந்த மழைக்காலத்திலேயே இராமையாவின் பெண்சாதி ஜெயலெட்சுமிக்கு, மாதம் நிறையாமல், வலி கண்டுவிட்டது. தோட்டத்துக்குப் புதிதாக வந்தவள். தலைப்பிள்ளை, ஆண் குழந்தை. பூனைக்குட்டி அளவுக்கு இருந்தாலும் உயிரோடு பிறந்தது. அவள் பேரில் இருந்த கலயத்திலோ அரிசி அடியை மூடிக் கிடந்தது, அவ்வளவுதான். பெரகலைக்கும் தோட்டத்துக்கும் நடுவில் மண் சரிந்து வண்டிப் பாதை அடைபட்டதால் தோட்டத்து ஸ்டோரிலும் அரிசி இல்லை. லயத்தில் எல்லார் வீட்டுப் பானையும் ஒன்றுதான். சுரண்டினால் சத்தம்தான் வரும். பச்சை உடம்புக்காரி பட்டினி கிடந்தால் பால் எப்படி ஊறும்?

பெரியாயி மூலையைப் பார்த்தாள். செத்தவளுக்கு எதற்குப் பத்தியம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சிலம்பாயியின் சேலைக் கிழிசலை அவிழ்த்தாள். இந்த ஒரு வேலையைத்தான் அவள் செய்திருக்கக் கூடாது.

முதல் நாள் சோற்றை ஜெயலெட்சுமியின் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் போனபோது அவள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, சோத்த யாருக்காச்சும் கொடுத்துட்டுக் கொண்டாந்தீங்களா?"

"என்ன பேச்சு இது?"

"நடுவுல கையை விட்டு அள்ளினாப்புல குழியா இருந்திச்சு. கருவாட்டயும் காணோம்."

நாய் வாய் வைத்திருக்கும் என்று பெரியாயி சொன்னாள். நாய் வாய் வைத்தால் மேலே மூடிய துணி மூடினபடி இருக்குமா? அது அவளுக்கும் தெரியும். அடுத்த நாள் சட்டியை அமுக்கி நிரப்பி, கண்ணை எடுக்காமல் தூக்கிக்கொண்டு போனாள். நாலு காம்பரா தூரம். வழியில் ஆளில்லை, நாயில்லை. பனி மட்டும் தரையோடு தவழ்ந்துகொண்டிருந்தது. பாதி வழியில் சட்டி கனம் குறைந்தது. தண்ணீர்க் குடத்தில் ஒருவர் மொண்டுகொண்டால் இடுப்புக்குத் தெரியுமே, அதைப் போல. வாசலில் வைத்துத் துணியைத் தூக்கிப் பார்த்தாள். சோற்றில் விரல் தடம் இருந்தது, ஐந்து விரலும்.

ஜெயலெட்சுமி சாப்பிட்டாள். எவ்வளவு சாப்பிட்டாலும் வயிறு நிறையவில்லை என்றாள். மார்பில் பால் கட்டவில்லை. குழந்தை வாய் வைத்துச் சப்பிப் பார்த்துவிட்டு அழுதது. இராமையா ஆட்டுப்பால் கொண்டுவந்து துணியில் நனைத்துச் சொட்டுவிட்டான். அது வழிந்து கழுத்தில் இறங்கியது. வர வர அழுகை மெலிந்துகொண்டே போயிற்று. இன்னும் கொஞ்ச நாளில் சத்தமே வராது என்று மருத்துவச்சி வெளியே வந்து பெரியாயியிடம் மெதுவாகச் சொன்னாள்.

அந்தக் காலையில்தான் பெரியாயி சுவரைப் பார்த்தாள். கவிழ்ந்து தொங்க வேண்டிய சிலம்பாயியின் சட்டி கீழே, அடுப்புத் திண்டில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கழுவின ஈரம் காயவில்லை. முகர்ந்தால் பூண்டு வாசம்.

அதைத் தொட்ட கையோடு வெளியே வந்தவளுக்கு ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. ஜெயலெட்சுமி பிள்ளைதான் என்று அவள் அந்தக் காம்பராவுக்குப் போனாள். அங்கே ஜெயலெட்சுமி சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை கண்ணைத் திறந்தபடி, அசையாமல், காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பதைப் போலக் கிடந்தது.

"ஒங்களுக்கும் கேக்குதாக்கா?"

"கேக்குது."

"அது அழுவுறப்ப இவன் அழுவுறதில்ல. அது நிறுத்தினதும் இவன் ஆரம்பிக்கிறான். ரெண்டும் மாத்தி மாத்தி அழுவுது. இவரக் கேட்டா ஒண்ணும் கேக்கலங்கிறாரு."

சத்தம் ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. பசித்த குழந்தையின் அழுகை. பிள்ளை பெறாதவளுக்குக்கூட அது புரியும். பெரியாயிக்கு முதலில் பயம்தான் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. ஐந்து மாதம் கூம்பாக அளந்து கொட்டியவள் வாசலுக்கு ஒரு நாள்கூடப் பத்தியம் போகவில்லை. அவள் பசி எங்கே போகும்? தன் அரிசி வேகிற இடத்துக்குத்தானே வரும்.

"இவன் பொழைப்பானாக்கா?" என்று ஜெயலெட்சுமி கேட்டாள்.

"பொழைப்பான். நான் எடுத்ததுக்கு நான்தான் பதில் சொல்லணும்" என்றாள் பெரியாயி.

இதைப் பூசாரியிடம் சொல்லியிருந்தால் உடுக்கை அடித்து, எலுமிச்சம்பழம் அறுத்து, ஆணி அடித்துச் சிலம்பாயியை மரத்தில் கட்டியிருப்பார். லயத்தில் அதற்கும் ஆள் இருந்தார்கள். பெரியாயிக்கு அந்த யோசனையே ஓடவில்லை. அரிசி கொடுத்தவளைக் கட்டிப் போடுவதாவது? தான் சாப்பிட வைத்திருந்த கூலி அரிசியைக் கொட்டிப் பார்த்தாள். சிலம்பாயி கலயத்தில் எடுத்ததை ஈடுகட்ட அது போதும். அதைக் கலயத்தில் மிச்சம் இருந்ததோடு சேர்த்துத் திரும்பவும் அதே கிழிசலால் கட்டினாள். காதில் கிடந்த தோட்டைக் கழற்றினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சரிந்த மண்ணில் தவழ்ந்து, பெரகலைக்கு இறங்கினாள். புஹாரி தோட்டைப் பார்த்தார், அவள் சேலை முழுக்க அப்பியிருந்த சேற்றையும் பார்த்தார்.

"யாருக்கு இவ்வளவு அவசரம், பெரியாயி?"

"பிள்ளை பெத்தவ ரெண்டு பேரு இருக்காங்க மொதலாளி."

அவர் தோட்டைத் தொடவில்லை. அரிசி, பூண்டு, கருவாடு எல்லாம் கட்டிக் கொடுத்துச் சுமைக்கு ஒரு ஆளையும் அனுப்பி வைத்தார். நல்ல மனுஷன்.

மறுநாள் இரண்டு அடுப்பு எரிந்தது. முதல் சட்டி சிலம்பாயிக்கு. கருவாடு இரண்டு துண்டு. பகல் பொழுதுதான். ஆனால் ஓடைப் பக்கத்துப் பனிக்குப் பகல் இரவு தெரியாது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. பெரியாயி சாய்ந்து சாய்ந்து ஓடையைக் கடந்தாள். அழுகைச் சத்தம் வரவர நெருங்கியது. சவுக்கு மரத்துக்குக் கிட்டே வந்ததும் சட்டென்று நின்றது. அவள் வருவதை யாரோ பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. அவள் மண்மேட்டின் தலைமாட்டுக்குப் போகவில்லை. ஒரு காம்பராவின் வாசல் எவ்வளவு தள்ளி இருக்குமோ அவ்வளவு தள்ளி நின்றாள்.

"பத்தியம் வந்திருக்கு ஆத்தா" என்று குரல் கொடுத்தாள். "பிந்திப் போச்சு. கோவிச்சுக்காத. ஒன் அரிசிய நான்தான் எடுத்தேன். அந்தப் புள்ளக்கி ஒண்ணும் தெரியாது. அவள விட்டுரு."

சட்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். பின்னால் கரித்துண்டு கீழே விழுகிற சத்தம் கேட்டது. துணி விலகுகிற சத்தமும் கேட்டது. ஓடிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. ஓடுகிற இடுப்பா அது? ஒவ்வொரு எட்டாக வைத்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெயலெட்சுமிக்கு வைத்த சட்டி அன்று கனம் குறையாமல் வாசல் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு அவள் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினாள். எழுந்தபோது ரவிக்கை நனைந்திருந்தது. குழந்தை வாய் வைத்துக் குடித்தது. மூச்சு வாங்க நிறுத்திவிட்டு மறுபடியும் குடித்தது. இராமையா வாசலில் நின்று சிரித்துக்கொண்டே அழுதான்.

சிலம்பாயியின் சட்டி விடிகாலையில் பெரியாயியின் வாசற்படியில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. நிமிர்த்தினால் அடியில் பனி காயாத கொழுந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, ஒரு கொத்து. வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பெரியாயி அந்தக் கொழுந்தைத் தண்ணீரில் போட்டு வைத்தாள். குடிக்கவும் துணிவில்லை, கொட்டவும் மனசில்லை.

அப்படியே அந்த மாதம் முழுக்கப் போனாள். லயம் சும்மா இருக்குமா? பெரியாயிக்குப் பேய் பிடித்துவிட்டது என்றார்கள். மசக்கைக்காரி ஒருத்தி, பேய்க்கு ஆக்கின கையால் எனக்கு வேண்டாம் என்று தன் கலயத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். கங்காணி கூப்பிட்டு விசாரித்தார்.

"ஏய், பொணத்துக்குச் சோறு தூக்குறியாம். இதோட நிறுத்து. இல்லன்னா காம்பராவக் காலி பண்ணு."

"நிறுத்துறேங்க. மாசம் முடியட்டும். இப்ப நிறுத்தினா இராமையா புள்ள செத்துப் போயிரும். அப்புறம் அவனும் வேலைக்கு வரமாட்டான், அவளும் வரமாட்டா."

இரண்டு ஆள் குறையும் என்பது கங்காணிக்குப் புரிகிற பாஷை. வெற்றிலையைத் துப்பிவிட்டு, போ என்று கையைக் காட்டினார்.

போகப் போகப் பெரியாயிக்குப் பயம் குறைந்ததா என்றால், குறையவில்லை. முதுகுக்குப் பின்னால் சோற்றை அள்ளுகிற சத்தமும், முள்ளைத் துப்புகிற சத்தமும் கேட்கும். பிற்பாடு வேறு சத்தங்களும் கேட்டன. அவற்றை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அழுகை மட்டும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது. ஓடைக்கு இந்தப் பக்கம் இராமையாவின் பிள்ளைக்குத் தொடையில் மடிப்பு விழுந்தது.

கடைசி நாள் சட்டியை வைத்துவிட்டு, "ஒன் பத்தியம் முடிஞ்சிச்சு ஆத்தா. இனி எல்லாம் சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டுப் பெரியாயி திரும்பினாள். ஓடையைக் கடக்கிற இடத்தில், பனிக்குள், ஒரு உருவம் குறுக்கே நின்றது. அவளுக்கு உயிரே போய்விட்டது. கிட்டே வந்த பிறகுதான் மாடசாமி என்று தெரிந்தது. தோளில் மண்வெட்டி. அந்தப் பாதையில் கால் வைக்காதவன் எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறானோ, தலையெல்லாம் நனைந்திருந்தது.

"அக்கா."

"சொல்லு தம்பி."

அவன் மண்வெட்டியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினான். திட்டப் போகிறான் என்றுதான் பெரியாயி நினைத்தாள். பெண்சாதியைப் பேயாக்கி ஊர் சிரிக்க வைத்துவிட்டாய் என்று அவன் சொல்வதை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், ஓடைத் தண்ணீரைப் பார்த்தபடி கேட்டான்.

"நீங்க தெனம் போனீங்களே. அது என்ன புள்ளன்னு தெரிஞ்சுதா?"

அந்த மலையில் இத்தனை பேர் இருந்தும், இதை ஒருவரும் கேட்டதில்லை.

"பொம்பளப் புள்ள தம்பி. நான் திரும்பிப் பாக்கல. ராசாத்தி, ராசாத்தின்னு அவ கொஞ்சுறது காதுல விழுந்திச்சு."

"அழுவுதா?"

"மொதல்ல அழுதிச்சு. இப்ப அழுவுறதில்ல. பால் குடிச்சிட்டுத் தூங்குது."

மாடசாமி மண்வெட்டியைக் கீழே வைத்தான். பெண்சாதியை மண்ணில் இறக்கியபோது அழாதவன், அந்த ஓடைக் கரையில் குந்தி உட்கார்ந்து, மகளுக்காக அழுதான்.